கை நனைக்க ஒரு மேசை

பதுளை
19 ஜனவரி 2025

அழகர்,

நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். உனக்கு மூன்று முறை போன் எடுத்தேன். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ சொல்லி முடித்துவைத்தாள். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தை நீ கிழித்துப் போடலாம். ஆனால் அதற்கு முன் உறையில் உள்ள கையெழுத்தையாவது பார்த்தாக வேண்டும்.

எனக்கு ஓர் அளவு வேண்டும். நீ நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மடக்க முடியாத அந்த இடது காலை நேரே நீட்டினால், முதுகிலிருந்து குதிகால் வரை எத்தனை அங்குலம்? நூலால் அளக்காதே, நூல் இழுபடும். தையற்காரரின் டேப்பால் அளக்கவும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்கா சவப்பெட்டி செய்ய அளவெடுக்கிறாள் என்று தோட்டத்து டிவிசன் முழுக்கச் சொல்லித் திரிவாய். தினேஸ் மெல்பனிலிருந்து பணம் அனுப்பி ஒரு பழைய டொல்பின் வேன் வாங்கியிருக்கிறான். உள்ளே இருந்த ஆசனங்களைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேசை எல்லாம் பொருத்தி, எல்லவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கப் போகிறான். அவர்கள் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி ஊர் சுற்றுவார்களாம். பண்டாரவளையில் றவூப் என்பவரின் கராஜில் வேலை நடக்கிறது. மேற்பார்வை என் தலையில். “அம்மா, முப்பது வருசம் மனையியல் படிச்சுக் குடுத்தீங்க. சாப்பிடுற எடத்த மட்டும் நீங்க பாத்துக்கங்க” என்றான். பதுளையில் ஒருத்தி வேலையில்லாமல் இருக்கிறாளே என்று இரக்கப்பட்டிருக்கிறான். எனக்கு அது தெரியாது என்று நினைக்கிறான்.

போய்ப் பார்த்தேன். றவூப் போட்டிருந்த மேசையில் இரண்டு பூனைகள் எதிரெதிரே உட்கார்ந்து பால் குடிக்கலாம். மனிதர் சாப்பிட முடியாது. கரண்டியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கிறவனுக்கு முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். கையால் சோறு பிசைகிறவனுக்கு வலது முழங்கை வெளியே வந்தாக வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்களாகவே இருப்பார்கள் என்று யார் சொன்னது? அகலத்தைக் கூட்டச் சொன்னேன். “டீச்சர், இது வேன். கல்யாண மண்டபம் இல்ல” என்றார். கூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்தது இருக்கை. வருகிறவர்களில் கால் மடக்க முடியாதவர்களும் இருப்பார்கள். மேசைக்கு நான்கு கால் வைத்தால் அவர்கள் காலை எங்கே நீட்டுவது? நடுவில் ஒற்றைக் குழாய் வைத்து, ஒரு பக்கத்து இருக்கையை நீளமாக்கச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நீளம் என்று றவூப் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே நீட்டிய கால் உன்னுடையது.

அளவை மட்டும் எழுதினாலும் போதும்.

பாக்கியலெட்சுமி


மடுல்சீமை
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் தோட்டத்து ஆபிசில் கிடந்து எனக்கு வந்து சேர்ந்தது. அளவு நாற்பத்து மூன்று அங்குலம். சப்பாத்து போட்டால் ஒரு அங்குலம் கூட வரும். டேப் கோயில் பக்கத்துத் தையல் கடையில் வாங்கியது. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். வெள்ளைக்காரனுக்கு என்றேன். சிரித்தார்.

எனக்கும் விளங்கவில்லை. வெள்ளைக்காரன் காலை நீட்டுவதற்கு லொறி உருண்டு முறிந்த என் கால் எதற்கு என்று தெரியவில்லை. கேட்டீர்கள், கொடுத்தேன்.

நான் சொன்னது ஒன்றையும் மறக்கவில்லை. மச்சான் செத்த அன்றைக்கு உங்கள் முற்றத்தில் நின்று இரண்டு வார்த்தை சொன்னேன். இனி உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றேன். நீங்களும் என் வாசலை மிதிக்க வேண்டாம் என்றேன். நாலு பேர் கேட்கச் சொன்னது. அது அப்படியே இருக்கிறது. அளவு கேட்டு எழுதியதால் அது மாறாது.

மகள் மதுஷா கொழும்பில் சுகமாக இருக்கிறாள். நான் தனியாக ஆக்கித் தின்றுகொண்டிருக்கிறேன். வேறு விசேசம் இல்லை.

இப்படிக்கு
அ. அழகர்


பதுளை
9 பெப்ரவரி 2025

அழகர்,

தேதி போடாமல் கடிதம் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை வருடத்தில் ஐம்பத்திரண்டு தடவை வருகிறது. இன்னொன்று, பிறந்தது முதல் என்னை “நீ, வா, போ” என்று கூப்பிட்டவன் இப்போது ‘நீங்கள்’ போட்டு எழுதியிருக்கிறாய். உன் வாயிலிருந்து மரியாதை வாங்குவதற்கு நான் எத்தனையோ நாள் முயன்று தோற்றிருக்கிறேன். இப்போது கிடைத்திருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

நாற்பத்து மூன்று அங்குலத்தை றவூபிடம் கொடுத்தேன். இருக்கைக்கு நாற்பத்தைந்து எடுத்திருக்கிறார். குதிகால் விளிம்பில் தொங்கினால் இரத்தம் ஓடாது என்று நான்தான் சொன்னேன். மேசையின் ஓரத்தில் விரற்கடை உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்திருக்கிறது, வளைவுகளில் கோப்பை வழுக்காமல். பலகை மஹோகனி. மினுக்கெண்ணெய் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சூடான தட்டு வைத்தால் அது வட்டம் வட்டமாக வெளுக்கும். மேசைக்குப் பக்கத்திலேயே கை கழுவ ஒரு சிறு தொட்டி. சாப்பிட்ட கையோடு எழுந்து இன்னொருவரைத் தாண்டிப் போக வேண்டியிராது. யன்னலைப் பெரிதாக வெட்டச் சொன்னேன். உட்கார்ந்திருக்கும்போது கண் மட்டத்தில் மலை தெரிய வேண்டும், றோட்டு தெரியக் கூடாது. “டீச்சர், இவ்வளவு பெருசா வெட்டினா உள்ளுக்குள்ள இரிக்கிறது எல்லாம் வெளிய தெரியும்” என்றார். ஒளிந்து சாப்பிடுவதற்கு யாரும் மேசை செய்வதில்லை என்றேன்.

இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். வேறு யாருக்கு எழுதுவது? தினேஸிடம் சொன்னால், “சுப்பர் அம்மா” என்கிறான். எதைச் சொன்னாலும் அதுதான்.

இங்கே எங்கள் வீட்டு மேசையை உனக்கு நினைவிருக்கும். எட்டுப் பேர் உட்காரலாம். ஆபிஸ் கிளாக்கர் வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது என்று உன் மச்சான் ஆளனுப்பி வாங்கியது. அவர் போன பிறகு கொஞ்ச நாள் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தேன். இப்போது சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறேன். மாணவிகளில் எவளாவது அப்படிச் செய்தால் வகுப்பை விட்டு வெளியே நிறுத்தியிருப்பேன்.

நீ சொன்ன இரண்டு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன் நடந்ததையும் நினைத்துப் பார். அவர் கூடத்தில் கிடக்கிறார். பிறந்த வீட்டுக் கோடி வந்துவிட்டது, அக்காவை எழுப்புங்கள் என்று யாரோ சத்தம் போடுகிறார்கள். நீ தாம்பாளத்தோடு வந்து நிற்கிறாய். ஒரு வெள்ளைச் சேலையைச் சுற்றி, நெற்றியை அழித்து, என்னை ஒரு மூலையில் உட்கார வைப்பதற்கு என் தம்பியே வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் தள்ளியது தாம்பாளத்தை. உன்னை அல்ல.

பாக்கியலெட்சுமி


மடுல்சீமை
2 மார்ச் 2025

அக்கா,

தேதி போட்டிருக்கிறேன்.

தாம்பாளத்தைத்தான் தள்ளினேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நான் பின்னால் போய் வாழைமரத்தில் மோதினேன். மோதினது எனக்கு வலிக்கவில்லை. பிறந்த வீட்டு ஆள்கள் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதுதான்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். வெள்ளைச் சேலை என்று எழுதியிருக்கிறாயே, வெள்ளை என்று உனக்கு யார் சொன்னது?

மச்சான் செத்த செய்தி வந்ததும் நான் பதுளைக்கு வந்து நேரே பஜாருக்குப் போனேன். கடை முதலாளி கோடி என்றதும் வெள்ளையை எடுத்து விரித்தார். வேண்டாம் என்றேன். வேறு எடுங்கள் என்றேன். “தம்பி, இது கல்யாணத்துக்குப் போற கலரு. மையத்து வீட்டுக்கு இத யாரும் எடுக்க மாட்டாங்க” என்றார். எங்கள் அக்கா எடுப்பாள் என்றேன். கத்தரிப்பூ நிறம். மெல்லிய கரை. ரொம்ப நேரம் நின்று பார்த்து எடுத்தேன். எனக்குத் துணிமணி பார்க்கத் தெரியாது, உனக்கே தெரியும்.

வரும்போது பெரியப்பா வீட்டுக்காரர்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். “என்னடா அழகரு, ஒங்க அக்காவுக்கு என்ன வளைகாப்பா?” என்று கேட்டார்கள். “அக்கா வெள்ள கட்டமாட்டா. கொன்வென்ட்டுல படிச்சவ. அவளுக்குத் தெரியும் எதக் கட்டணும்னு. நம்ம கடமை துணி குடுக்கிறது, அம்புட்டுத்தான்” என்றேன். வழி நெடுகச் சண்டை. அவர்கள் வாயை எல்லாம் அடைத்துக்கொண்டு உன் முற்றத்துக்கு வந்து சேர்ந்தேன். நீ பார்க்கவே இல்லை. நிமிர்ந்து ஒரு தடவை தாம்பாளத்துக்குள் பார்த்திருந்தால் போதும். சேலை சேற்றில் விழுந்தது. அதுக்குப் பிறகு பெரியப்பா வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் பார், அந்தச் சிரிப்போடு நான் எப்படி உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது?

சேலை இப்போது இல்லை. துவைத்து மதுஷாவுக்குக் கொடுத்தேன். சிநேகிதி கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனாள். நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்களாம்.

எல்லாரையும் கொன்வென்ட்டில் போடவில்லை அக்கா. உன்னைப் போட்டார்கள். என்னை லொறியில் ஏற்றினார்கள். அதற்காக எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே.

அழகர்


பதுளை
27 ஏப்ரல் 2025

அழகர்,

பதில் எழுதப் பிந்திவிட்டது. கராஜில் வேலை இருந்தது.

இருக்கைகளுக்கு ரெக்சின் போட்டிருந்தார்கள். வெயில் பட்டால் தொடையில் ஒட்டும், எழும்பும்போது சத்தம் கேட்கும். பிடுங்கிவிட்டுத் தடித்த பருத்தித் துணி போடச் சொன்னேன். கழற்றித் துவைக்கும்படி உறைகளுக்குச் சிப் வைத்திருக்கிறது. விளக்கு மேசைக்கு நேர் மேலே இருந்தது. அப்படி இருந்தால் முகம் முழுக்க நிழல் விழும், எதிரே இருப்பவர் கோபமாக இருக்கிறாரா களைத்துப் போயிருக்கிறாரா என்று தெரியாது. இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொன்று வைக்கச் சொன்னேன். தட்டுகள் உருளாமல் நிற்க அலமாரிக்குள் மரச் சட்டங்கள். நான்கு தட்டு, நான்கு தம்ளர்.

போன வாரம் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்து, பண்டாரவளையிலிருந்து பதுளை வரைக்கும் ஓட்டச் சொன்னேன். றவூப் என்னையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். “டீச்சர், தெமோதரை வளைவுல நானே நேரா இரிக்க மாட்டேன், தண்ணி எப்படி இரிக்கும்?” என்றார். பாதி சிந்தியது. சட்டத்தைத் தாண்டி ஒரு சொட்டும் கீழே போகவில்லை. எனக்குத் திருப்தி. றவூப் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கத்தரிப்பூ நிறம் எனக்குப் பொருந்தும் என்று உனக்கு எப்படித் தோன்றியது? பதில் எழுத வேண்டாம். கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்டேன்.

இப்போது விசயம். வேன் மே மாதக் கடைசியில் முடிந்துவிடும். யூலை மாதத்திலிருந்து வாடகைக்கு ஆள் பிடித்துவிட்டானாம் தினேஸ். இடையில் ஒரு மாதம் அது சும்மா நிற்கும். ஒரு சாப்பாட்டு இடம் வசதியாக இருக்கிறதா என்று உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்கு ஒருவர் போதாது. எதிரெதிரே இரண்டு பேர் இருந்தால்தான் கால் இடிக்கிறதா, கை எட்டுகிறதா என்று தெரியும்.

உன் வார்த்தையை நீ மீற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேன் என் வீடல்ல. உன் வீடும் அல்ல. அதற்கு வாசற்படியே கிடையாது, ஓர் இரும்பு மிதிதான் இருக்கிறது. மடுல்சீமைக்கு ஏறி வரச் சொல்கிறேன். உன் லயத்து வீட்டுப் பக்கம் வரமாட்டேன். தார் முடிகிற இடத்தில் நிறுத்தச் சொல்கிறேன்.

யோசித்து எழுது.

பாக்கியலெட்சுமி


மடுல்சீமை
18 மே 2025

அக்கா,

யோசித்தேன். எனக்கு உடனே பிடிபடவில்லை. வேன் மருமகன் தினேஸ் பேரில் பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருமகன் வண்டியில் தாய்மாமன் ஏறுவதற்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே அடுப்பு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, நீ இருக்கிறாய். அப்படியென்றால் அது நாலு சக்கரம் பூட்டிய உன் வீடுதானே என்று இன்னொரு பக்கம் தோன்றியது. மாரிசாமி அண்ணனிடம் கேட்டேன். பழைய தலைவர், நாலு பஞ்சாயத்துப் பார்த்தவர். ரொம்ப நேரம் வெற்றிலை மென்றுவிட்டு, “சக்கரம் சுத்துற வரைக்கும் அது வீடு இல்ல அழகரு” என்றார். சரி என்று ஏற்றுக்கொண்டேன்.

சோறுதான் பிரச்சினை. வண்டி யாருடையதாக இருந்தாலும் நீ ஆக்கின சோறு உன் வீட்டுச் சோறு. அதில் நான் கை வைத்தால் வைத்ததுதான். அதனால் என் பேச்சு இது. என் சோறு நான் கொண்டுவருவேன். என் தட்டு, என் தண்ணீர், எல்லாம் நானே கொண்டுவருவேன். உன் பக்கத்தில் நீ சாப்பிடு, என் பக்கத்தில் நான் சாப்பிடுகிறேன். எனக்கென்று நீ ஒரு சாமானும் வைக்கக் கூடாது. இதற்குச் சம்மதமென்றால் யூன் 15 ஞாயிற்றுக்கிழமை பகல் வா. கோயிலுக்குக் கீழே தார் முடிகிற வளைவில் ஒரு பெரிய கல் இருக்கிறது. வண்டி திருப்ப இடம் உண்டு. அந்த மாதம் காற்று பலமாக இருக்கும், சால்வை கொண்டு வா.

சம்மதமில்லை என்றால் வர வேண்டாம்.

அழகர்


பதுளை
17 யூன் 2025

திரு. அழகர் அவர்களுக்கு,

மரியாதை எனக்கும் எழுதத் தெரியும்.

நாங்கள் பசறையைத் தாண்டி, நீ சொன்ன வளைவுக்குப் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தோம். றவூப்தான் ஓட்டி வந்தார். பெரிய கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். காற்று, நீ எழுதியதைவிடப் பலமாக இருந்தது. உள்ளே ஒன்றும் ஆடவில்லை. மேசையைத் துடைத்தேன். விரிப்பு விரித்தேன். என் தட்டை வைத்தேன், என் தம்ளரை வைத்தேன். றவூப் எட்டிப் பார்த்து, “ஒரு தட்டுத்தானா டீச்சர்?” என்றார். அப்படித்தான் பேச்சு என்றேன். அவர் தன் சாப்பாட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

உனக்குப் பிடித்தது என்று எதையும் சமைக்கவில்லை. உன் பேச்சின்படி அது கூடாது. எனக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவந்தேன். நீட்டிய கால் இருக்கையை உன் பக்கமாக விட்டுவிட்டு நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். யன்னலில் மலை தெரிந்தது. றோட்டு தெரியவில்லை. நீ வருகிறாயா என்று பார்ப்பதற்கு எழுந்து எழுந்து நின்றேன். அது ஒரு குறை, நான் யோசிக்காதது.

ஒரு மணியானது. இரண்டானது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் யாரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. ஒரு பஸ் வந்து திரும்பிப் போனது. சோறு ஆறிவிட்டது. றவூப் வந்து, “யாரயாவது அனுப்பிப் பாக்கவா?” என்றார். என் தம்பி ஆளனுப்பிக் கூப்பிட்டால் வருகிற சாதி இல்லை என்றேன். பிறகு சாப்பிட்டேன். முழங்கை எங்கும் இடிக்கவில்லை. கை கழுவுவதற்கு எழும்பத் தேவைப்படவில்லை. எதிரே இருப்பவர் காலில் என் கால் படுகிறதா என்று மட்டும் தெரியவில்லை.

உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால் மதுஷா சொல்லியிருப்பாள். ஆகவே நீ வர விரும்பவில்லை. அதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

வேன் நன்றாக வந்திருக்கிறது. தினேஸுக்கு அப்படியே எழுதிவிட்டேன்.

பாக்கியலெட்சுமி


மடுல்சீமை
24 யூன் 2025

அக்கா,

நான் வந்தேன்.

காலையிலேயே ஆக்கி முடித்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பு, பூசணிக்காய், அப்பளம். கேரியரில் போட்டு, தட்டைத் துணியில் சுற்றி, தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையால் இறங்கினேன். படிக்கட்டு எனக்கு மெல்லத்தான் முடியும். வளைவுக்கு மேலே ஒரு சவுக்கு மரம் நிற்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன். அங்கிருந்து பார்த்தால் உன் யன்னல் நேரே தெரிந்தது. பெரிதாகத்தான் வெட்டியிருக்கிறாய்.

நீ விரிப்பை விரித்து நாலு மூலையும் இழுத்துவிட்டாய். பிறகு தட்டு வைத்தாய். ஒன்று. ஒரு தம்ளர் வைத்தாய். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். எதிரே வெறும் மேசை. நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். இன்னொன்று எடுத்து வைப்பாய் என்று பார்த்தேன். நீ வைக்கவில்லை.

ஒருத்தன் சாப்பிட வருகிறான் என்றால் அவனுக்கு ஒரு இலையாவது போட்டிருக்கும். போடாத இடத்தில் போய்க் கேரியரைத் திறந்துகொண்டு உட்காருவது எப்படி? பஸ் ஸ்டாண்டில் உட்காருகிறவன் அப்படி உட்காருவான். என் காலுக்கு அளவெடுத்து இருக்கை செய்திருக்கிறாய், அதுவும் தெரிந்தது. ஆனால் என் முன்னால் ஒன்றும் இல்லை.

நான்தான் சொன்னேன், எனக்குத் தெரியும். எனக்கென்று ஒரு சாமானும் வைக்கக் கூடாது என்று எழுதினேன். எழுதும்போது நீ அதைக் கேட்க மாட்டாய் என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து என் பேச்சை நீ ஒருநாள் கேட்டிருக்கிறாயா? அன்றைக்கு மட்டும் எதற்குக் கேட்டாய்?

நீ எழுந்து எழுந்து நின்றதையும் பார்த்தேன். றவூப் என்கிறவர் ஒரு தடவை மேலே பார்த்தார். நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். நீ சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரைக்கும் நின்றேன். வண்டி திரும்பிப் போன பிறகுதான் ஏறினேன். கேரியரைத் திறக்கவில்லை. கருவாட்டுக் குழம்பை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

உனக்கும் சேர்த்து ஆக்கியிருந்தேன். ஒரு ஆளுக்கு அவ்வளவு எதற்கு.

அழகர்


பதுளை
6 யூலை 2025

அழகர்,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை வாசிக்கவில்லை.

இரண்டாவது தட்டு அலமாரியில்தான் இருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். மூன்று தடவை கையை நீட்டினேன். எடுத்து வைத்தால், நீ வந்து பார்த்து, பேச்சை மீறிவிட்டாள், எப்போதும்போலத் தன் இஷ்டப்படி செய்துவிட்டாள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவாய் என்று பயந்தேன். இந்த ஒரு தடவையாவது நீ சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நீ கொண்டுவந்த எதையும் பார்க்காமல் தள்ளிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

வேன் போய்விட்டது. முந்தாநாள் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொண்டு அறுகம்பைப் பக்கம் போயிருக்கிறார்கள். தினேஸ் ஒரு படம் அனுப்பினான். கடற்கரையில் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன் நீள இருக்கையில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு அன்னாசிப்பழம் தின்கிறான். பெண் மேசை மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறாள். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. “பாத்தீங்களா அம்மா, சுப்பரா இருக்காங்க” என்று எழுதியிருக்கிறான். அவர்கள் வசதியாகத்தான் இருக்கிறார்கள். அதைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவனுக்குச் சொல்ல முடியாது.

யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் செய்துவிட்டால் இரண்டு பேரும் தோற்காமல் உட்காரலாம் என்று கணக்குப் போட்டேன். ஆறு மாதம் அதற்காக அந்த மனிதர் றவூபின் உயிரை வாங்கினேன். பலகை, துணி, விளக்கு, எல்லாம் சரியாக இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத மேசையில் யாரும் யாரையும் சாப்பிட வா என்று கூப்பிட முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை. நீயும் யோசிக்கவில்லை. மாரிசாமி அண்ணனும் யோசிக்கவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது என் வீடு மட்டும்தான். அங்கே நீ வரமாட்டாய். வரச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று நீ என்னிடம் சொன்னாய். அதை மீறுவது என் பொறுப்பு. அதில் உன் வார்த்தைக்கு ஒரு பங்கமும் இல்லை. நான் சொல் கேட்காதவள் என்பது ஊருக்கே தெரியும்.

யூலை 20 ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தார் முடிகிற வளைவில் இறங்கி உன் வீட்டுக்கு நடந்து வருவேன். சோறு கொண்டுவர மாட்டேன். தட்டும் கொண்டுவர மாட்டேன்.

அக்கா


மடுல்சீமை
12 யூலை 2025

அக்கா,

வரச் சொல்லி நான் எழுதவில்லை. நீயாக வருகிறாய். கேட்பவர்களுக்கு அப்படித்தான் சொல்வேன், நீயும் அப்படியே சொல்.

குறுக்குப் பாதையில் ஏறாதே, படி இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி அப்படியே நில். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். நான் வருவதற்குப் பிந்தினாலும் நடக்க வேண்டாம். எனக்குக் கீழே இறங்க நேரமாகும்.

வீட்டில் மேசை இல்லை. பாய்தான். உன்னால் கீழே உட்கார முடியுமா என்று தெரியவில்லை, மதுஷாவின் பழைய பள்ளிக்கூட நாற்காலி ஒன்று இருக்கிறது, அதைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உடனே எழுது. மீன் சாப்பிடுகிறாயா, மச்சான் போன பிறகு விட்டுவிட்டாயா? உறைப்பு எவ்வளவு போடலாம்? சீனி வியாதி இருக்கிறதா? பகலைக்குச் சோறா, குறைத்துக்கொண்டாயா? இத்தனை கடிதம் எழுதினாய், அன்றைக்கு வேனில் உட்கார்ந்து நீ என்ன சாப்பிட்டாய் என்று ஒரு வரி எழுதவில்லை. மரத்தடியில் நின்று பார்த்தேன், தட்டு தெரிந்தது, அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

தம்பி
அழகர்